ஒரு வெடிக்கு இரண்டு கவுதாரி

"நாய்க்கும் சட்டி விரதமோடா?" என்று கேட்டான் மகேந்திரராசா.

இத்தாலியின் பலேர்மோ நகரத்துச் சீசாப் பகுதியில் அவனும் பத்மநாதனும் வாடகைக்கு இருந்த அறையின் நடுவே நீனோ பருப்புச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத வேட்டைநாய். பத்மநாதன் வீட்டுவேலை செய்யும், காணி உறுதி எழுதும் நொத்தாரிசுடையது. அவருடைய மனைவி தமக்கை வீட்டுக்குப் போகும்போது நாயையும் ஒரு பை ஈரலையும் பத்மநாதனிடம் ஒப்படைத்திருந்தாள். அதற்குள் கந்தசட்டி தொடங்கிவிட்டது. விரதம் பிடிக்கிறவன் ஈரல் அவிப்பானா?

"ஈரல் எங்கை?"

"கீழ்வீட்டுப் பூனைக்குக் குடுத்திட்டன்."

"அப்ப நாளைக்கு வேட்டைக்குப் பூனையைக் கொண்டு போ."

மகேந்திரராசா தன் கோழிக்காலை நாயின் மூக்கருகே நீட்டினான். நீனோ முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்புக்கே திரும்பியது.

பத்மநாதன் நாட்களை எண்ணினான். மனைவி ஞானம்பிகையை பலேர்மோவுக்குக் கூப்பிடும் கடதாசியைத் திங்கட்கிழமை குவெஸ்தூராவில் பொலிசிடம் கொடுக்கவேண்டும். அதில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். நொத்தாரிசு மாட்டேன் என்று சொல்லவில்லை. "சனிக்கிழமை வேட்டை முடியட்டும்" என்றார். வேட்டையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய கிழமை அவர் எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. அப்படி ஒருமுறை வைத்த காணி உறுதி இன்னும் கோட்டில் வழக்காகக் கிடக்கிறது.

ஞானம்பிகை கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். "உங்கடை முகம் இப்ப கலியாண அல்பத்தைப் பாத்தால்தான் ஞாபகம் வருது" என்று போன கிழமை தொலைபேசியில் சொன்னாள்.

நொத்தாரிசின் கண்ணோ மங்கல். போன பருவத்தில் அவர் சுட்டு விழுத்தியது ஒரு பால்வாளி. நாயும் இப்போது சைவம்.

பத்மநாதன் வுச்சீரியாச் சந்தைக்கு ஓடினான்.

"பண்ணைக் கவுதாரி ஒண்டு தா. இறகு பிடுங்காதை."

"நீ விரதமெண்டெல்லோ சொன்னனி?" என்றான் பறவைக்காரன் பாஸ்குவாலே.

"எனக்கில்லை, நாய்க்கு."

பாஸ்குவாலே ஐசுக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து, காலில் தன் கடை அடையாளமான சிவப்பு நூலைக் கட்டிக் கொடுத்தான். பத்மநாதன் பையை பஸ் யன்னலுக்கு வெளியே பிடித்தபடி வீடு வந்தான்.

நீனோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேறு வழியில்லை. பத்மநாதன் நூலை வெட்டி எறிந்தான். கவுதாரிக்குப் பருப்பு பூசினான். நெய் பூசினான். நாய்க்குப் பழகிய மணம் வரட்டும் என்று பெருங்காயமும் தூவினான்.

"முருகா, விரதக்காரன் கறி வைக்கிறான்!" என்றான் மகேந்திரராசா.

சனிக்கிழமை, இரவு குளிர்ப்பெட்டியில் வைத்த கவுதாரியைப் பையில் ஒளித்துக்கொண்டு பத்மநாதன் நீனோவோடு போனான். மலையில் ஏறியதும் நொத்தாரிசு நின்றார்.

"நீ இதிலை நில். எனக்கு வயது போட்டுது, அடிக்கடி ஒதுங்கவேணும்."

அவர் பாறைக்குப் பின்னால் போன நேரத்தில் பத்மநாதன் கவுதாரியைக் கள்ளிப்பற்றைக்குள் செருகினான்.

அவர் வந்து சேரவும் மேலே ஒரு கவுதாரிக் கூட்டம் படபடத்து எழுந்தது. நொத்தாரிசு சுட்டார். கூட்டம் முழுவதும் சுகமாகக் கடல் பக்கம் பறந்து போனது.

"விழுந்துது!" என்றார் நொத்தாரிசு.

"விழுந்துது, தொத்தோரே!" என்று மரியாதையாக ஒத்தூதினான் பத்மநாதன்.

நீனோ நேராகக் கள்ளிக்கு ஓடியது. ஆற அமர நக்கியது. பிறகு ஒருவாறு கவ்விக்கொண்டு வந்தது.

நொத்தாரிசு வாங்கிப் பார்த்தார். "ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"மலைக்காத்து, தொத்தோரே."

"உது என்ன மணம்?"

"இஞ்சத்தைப் புல்லைத் திண்டிருக்கும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், கவுதாரியில் பருப்பு இருக்கும் என்று கண்டுகொண்ட நீனோ, அது போதாமல் மலை முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடியது. பாறைப் பக்கம் போனது. திரும்பி வரும்போது அதன் வாயில் இன்னொரு கவுதாரி. அதன் காலில் சிவப்பு நூல்.

பத்மநாதன் பையைத் தட்டிப் பார்த்தான். பாஸ்குவாலே ஐசுக்குள் இரண்டைச் சேர்த்துத் தந்து, ஒன்று பையிலிருந்து விழுந்துவிட்டதோ? யோசிக்க நேரமில்லை. நாய் மேல் விழுந்து நூலைப் பிடுங்கினான். ஒளிக்க இடமில்லாமல் வாயில் போட்டான். சட்டி விரதம் அத்தோடு முடிந்தது.

நிமிர்ந்து பார்த்தால் நொத்தாரிசு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கரை எவ்வளவு துலக்கமாத் தெரியுது" என்றார். பிறகு கடலிடமே சொல்வதுபோல, "ஒரு வெடிக்கு இரண்டு" என்றார்.

கடதாசியைக் காரின் மூடியில் வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை குவெஸ்தூராவில் கடதாசியை வாங்கிக்கொண்டார்கள். பத்மநாதனுக்கு மனம் ஆறவில்லை. நேரே வுச்சீரியாவுக்குப் போனான்.

"உண்மையைச் சொல்லு. அண்டைக்கு நீ எனக்கு எத்தினை கவுதாரி தந்தனி?"

"ஒண்டுதான்" என்றான் பாஸ்குவாலே. "உனக்கு முதலே உன்ரை நொத்தாரிசு வந்து ஒண்டு வாங்கினவர். கண் தெரியாததாலை இனித் தனக்கு ஒண்டும் விழாதாம், வெறுங்கையோடை வந்தால் உன்ரை மனுசியின்ரை கடதாசியிலை கையெழுத்து வைக்கேலாதாம்."