மூக்கிலிருந்து ஒன்பது முடிச்சு

உலகத்திலேயே கயிறு பிடித்துப் போட்டோ எடுத்த ஒரே மனிதர் எங்கள் நோணாங்குப்பம் படகுத்துறையில்தான் டிக்கெட் கிழித்தார். பாரிஸிலிருந்து எவன் வந்தாலும் இந்த விஷயத்தில் எங்களிடம் தோற்றுத்தான் போகணும்.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் ‘ஒருதபா’. டூரிஸ்ட்டுகள் செல்போனை நீட்டினால், ஒரே ஒரு தடவை அமுக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

“இன்னொன்னு எடுங்கண்ணா.”

“ஒரு தபா எடுத்தாச்சில்ல? அதுலயும் நீதான் இருக்க. இதுலயும் நீதான் இருக்கப் போற!”

இந்தத் திமிருக்குக் காரணம் அவருடைய சொந்தக் கேமரா. ஜப்பான்காரன் செய்த ஃபிலிம் கேமரா. அதன் பேரைச் சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு சொல்தா, அதாவது சிப்பாய், அவர் அப்பாவுக்குக் கொடுத்ததாம். எதிரே இருக்கிற ஆள் எத்தனை அடி தூரம் என்று நாமே கணக்குப் பண்ணி லென்ஸைத் திருப்பணும். தப்பினால் படம் மங்கிவிடும்.

“கண்ணு பொய் சொல்லும்யா” என்று அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட படகுக் கயிறு வைத்திருந்தார். ஒரு முனை கேமராவில். மறுமுனையை நாம் மூக்கில் வைத்துக்கொள்ளணும். முடிச்சை எண்ணி, லென்ஸைத் திருப்பி, “உடு” என்பார். ஒருத்தரும் விட்டதில்லை. விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாரோ என்கிற பயம்! அதனால் அவர் எடுத்த அத்தனை படத்திலும் மூக்கிலிருந்து ஒரு கயிறு புறப்பட்டு வரும்.

அதுவும் எல்லோரையும் எடுத்துவிட மாட்டார். அதே துறையில் லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுக்கிற நான் மூன்று வருஷம் கெஞ்சினேன்.

“லைஃப் ஜாக்கெட் குடுக்கிறதுக்கெல்லாம் படமா? எதுனா செஞ்சிட்டு வா, பாப்போம்.”

எனக்குக் கோபம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஃபிலிம் சுற்றுகிற பல் தேய்ந்துவிட்டது. இந்த ரோலோடு கேமரா அவ்வளவுதான் என்று மெக்கானிக் கைவிரித்தார். மிச்சம் ஒரே ஒரு படம்.

“அது எனக்கு. நான் இதுல வந்ததே இல்ல. ரிட்டயர் ஆவுற அன்னிக்கி எடுத்துக்குவேன்” என்றார். நியாயம்தானே?

இந்த நேரத்தில்தான், படகுத்துறையைப் பெருக்கிக்கொண்டிருந்த எங்கள் கலா லைசென்ஸ் வாங்கி முதல் தடவையாகப் படகு ஓட்டப் போனாள். ஸ்டியரிங்கில் உட்கார்ந்ததும் ஒருதபாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உங்க கேமராப் பொட்டியில வரணும்னு ஆசண்ணா. பரவால்ல, கடைசி ஒன்னு உங்களுது.”

படகு நகர்ந்தது. ஒருதபாவுக்கு என்ன ஆனதோ, பேன்ட் சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார்! மார்பளவுத் தண்ணீர், தலைக்கு மேலே கேமரா.

“கலா, நிறுத்து! கயித்தப் புடி! மூக்குல வையி!”

“அண்ணா, அது உங்க படம்ணா!”

“வாய மூடு, ஆடாத! ஆறு... ஏழு... எட்டு... ஒம்போது!”

படகிலிருந்த அத்தனை டூரிஸ்ட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிளிக். ஒரே தபா.

கரையில் நின்ற எங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. அவரை ஒரு படம் எடுக்க ஒரு மடையனுக்கும் தோணவில்லை. நானும்தான்.

ரோலைக் கழுவ மெட்ராஸுக்கு அனுப்பிவிட்டு, வருமா வராதா என்று ஒரு மாசம் கலா சரியாகச் சாப்பிடவில்லை. வந்தது ஐயா, வந்தது! காக்கிச் சட்டையின் பட்டனில் இருக்கிற நூல்கூடத் தெரிந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மூக்கில், முகமெல்லாம் சிரிப்பு. கலா அழுதுவிட்டாள். அவர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “ஒம்போது முடிச்சி கரெக்டுதான்” என்று டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

இப்போது அவர் ரிட்டயர்டு. அந்தப் படம் டிக்கெட் கவுன்ட்டருக்கு மேலே மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை: “என்னங்க இது, மூக்குல கயிறு?”

ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு நான்தான் முந்திக்கொண்டு ஓடுவேன்.

“அந்தக் கயித்த நல்லாப் பாருங்க சார். அதோட இந்தாண்ட முனையில எங்க அண்ணன் நிக்கிறாரு.”