இருபத்தேழு புதுப் புத்தகங்களும் என் சிவப்புப் பேனாவும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். மனதளவில் உன் அம்மா மட்டும் சுகம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் இரண்டு விதத்திலும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ நடுவில் "ம்" கொட்டுவாய், எனக்குப் பேச்சு அறுந்துபோகும், உன் அம்மா போனைப் பிடுங்கி மிச்சத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். இது சிரித்துக்கொண்டே சொல்கிற விஷயம் இல்லை. ஆகவே கடிதம்.

உன் அத்தையின் நூலகத்துக்குச் சிறுவர் பகுதிக்கென்று புதுப் புத்தகங்கள் வந்தன. மொத்தம் இருபத்தேழு. பாதி சின்னக் குழந்தைகளுக்கு, பாதி பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. "மூணு வருஷமா எழுதி எழுதிக் கேட்டு வாங்கினதுண்ணா" என்று பெட்டியை நம் கூடத்தில் இறக்கினாள். சனிக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறாளாம். அதற்குள் ஒவ்வொன்றையும் படித்து, எந்த வயதுக்கு ஏற்றது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும், அவள் ஒருத்தியால் முடியவில்லை. "நீங்க சும்மாதானே இருக்கீங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவனைச் சும்மா இருப்பவன் என்றதில் எனக்குச் சுருக்கென்றது. ஐந்தே நாளில் முடித்துக் காட்டுகிறேன் என்றேன்.

முதல் புத்தகத்தில் ஒரு கரடிக்குட்டி மழையில் வழி தப்பி "அம்மாஆஆஆ" என்று கூப்பிட்டது. 'மா'வுக்குப் பிறகு மூன்று 'ஆ'. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவோடு திரும்பி வந்தது. மூன்றையும் அடித்தேன். அடுத்ததில் ஒரு வாத்து "குவாக்" என்றது. அகராதியில் இல்லை என்று ஓரத்தில் குறித்தேன். வெறும் படமாகவே இருந்த ஒரு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'எழுத்து விடுபட்டுள்ளது' என்று எழுதினேன். இதையெல்லாம் நீ வெளியில் சொல்லாதே. பிறகு ஒரு தடிப் புத்தகம், பதின்மூன்று வயதுப் பெண்ணின் நாட்குறிப்பு மாதிரியான கதை. முதல் வரியிலேயே பள்ளிக்கூடம் 'பல்லிக்கூடம்' என்றிருந்தது. அடுத்த வரியில் திங்கட்கிழமை 'திங்கக்கிளமை'. எனக்கு இருபது வயது குறைந்தது போலிருந்தது. அறுபது பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளைப் பிடித்து, முகப்பில் 'மிகுந்த கவனக்குறைவு' என்றும் எழுதினேன். உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, காலையிலேருந்து ஒரே சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டாள். பெருமையாகப் புத்தகத்தைக் காட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

சனிக்கிழமை நூலகத்தில் இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருக்க, அத்தை பெட்டியைத் திறந்தாள். ஒரு புத்தகத்தைப் புரட்டினாள், இன்னொன்றைப் புரட்டினாள். அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அண்ணா, இது புத்தகம். நீங்க திருத்தற புரூஃப் இல்ல" என்றாள், அவ்வளவு மெதுவாக. அதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாண்டு அவளிடம் வந்து, "கரடி தொலைஞ்சுபோச்சுல்ல, அப்புறம் ஏன் அம்மாவ இவ்வளவு மெதுவா கூப்பிடுது?" என்று கேட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் அந்த நாட்குறிப்புக் கதையோடு உட்கார்ந்திருந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"இதுல சிவப்புல எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா."

"கதையப் படிச்சீங்களா?"

"அறுபது பக்கம் திருத்தியிருக்கேன்."

"திருத்தினதக் கேக்கல. படிச்சீங்களா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு எழுத்து மாறி மாறித்தான் வரும். கதையே அதான். பின்னாடி அட்டையில போட்டிருக்கு" என்றாள். பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். பின்னட்டையில் நான் பார்த்தது ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்ததை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிடாமல் அதைக் கடைசிவரை படித்தேன். நூற்றுப்பத்தாம் பக்கத்தில் அந்தப் பெண் டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதுகிறாள். டீச்சர் அதில் பிழைகளுக்கு வட்டம் வட்டமாகப் போட்டுத் திருப்பித் தருகிறார். அதற்குப் பிறகு அவள் எழுதுவதையே விட்டுவிடுகிறாள். அங்கே என்னால் பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. நீ எட்டாவது படிக்கும்போது ஹாஸ்டலிலிருந்து எனக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினாய். நான் அதில் வட்டங்கள் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு, உனக்கே திருப்பி அனுப்பச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து எனக்குக் கடிதமே வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பையன் படிப்பில் மும்முரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது பிழைகள் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நீ என்ன எழுதியிருந்தாய் என்பது நினைவில் இல்லை.

அடித்தது தவறு என்றால் அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது எங்கள் தொழில் வழக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் எழுதினேன். கெடுத்த மற்ற புத்தகங்களுக்கு வேறு பிரதி வாங்கித் தருவதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். உனக்குச் செய்ததற்கு வேறு பிரதி கிடையாது. என்னை மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தங்கள்.

உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டிவிட்டதால் இதைப் பின்பக்கம் எழுதுகிறேன். தபால்காரரும் படிப்பார், படிக்கட்டும். ஒட்டிய பிறகுதான் உன் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அந்த லெட்டர நான் எங்க அனுப்பினேன்? புள்ள அழுதுகிட்டே எழுதியிருக்கு, நீங்க வட்டம் போட்டுத் தர்றீங்க. கிழிச்சுப் போட்டுட்டு நானே நீங்க எழுதற மாதிரி ஒண்ணு எழுதி அனுப்பிட்டேன்" என்கிறாள். அப்படியானால் நீ ஏன் எழுதுவதை நிறுத்தினாய் என்று கேட்டேன். "ஹாஸ்டலுக்குப் போன் வந்துடுச்சுங்க" என்கிறாள். ஆக, உனக்கு ஒன்றுமே தெரியாது. இப்போது நானே சொல்லிவிட்டேன். என் பேரில் எழுதினவளுக்கும் அந்தக் கடிதத்தில் இருந்தது மறந்துபோச்சாம். நான் உனக்கு என்ன எழுதியிருந்தேன் என்று உனக்கு நினைவிருந்தால் எழுது.