மீன் வேண்டாம்மா!

நான் ஒரு முறை தண்ணீரில் மூழ்கிச் செத்திருக்கிறேன். குன்னூரில், எங்கள் வீட்டு சோபாவில், காலில் கம்பளி உறையும் தோளில் சால்வையுமாக. போகும்போது பெற்ற மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் ‘குளுக் குளுக்’ சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

மலையில் வாழ்கிற எங்களுக்கு எதையாவது சுமந்தால்தான் நிம்மதி. காலையில் வெயில் அடிக்கும், மத்தியானம் எதிர்வீடு தெரியாத மூடுபனி வரும், சாயங்காலம் மழை கொட்டும். அதனால் பால் வாங்கப் போகும்போதுகூட ஸ்வெட்டரும் குடையும் கூடவே வரும். நான் அதற்கும் ஒரு படி மேலே. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் என் பையில் ஃபிளாஸ்க், டார்ச், மாத்திரை டப்பா, ஊக்கு, ஒரு கண்டு நைலான் கயிறு எல்லாம் இருக்கும். (கயிறு எதற்கு என்று கேட்காதீர்கள். தேவைப்பட்டால்?)

“கல்யாணத்துக்குத்தானுங்களே போறோம் டீச்சர், ஊட்டையே காலி பண்ணிட்டா போறோம்?” என்பார் என் கணவர் ஜேம்ஸ். அவருக்குப் பக்கத்து வெலிங்டனில் ஒரு அலுவலகத்தில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பதால், கேலி செய்யும்போது மட்டும் எனக்கு ‘டீச்சர்’ பட்டமும் ‘ங்க’ மரியாதையும் கிடைக்கும்.

எங்கள் மகள் பெனிட்டா, வீட்டில் பெனி, ப்ளஸ் டூ முடித்து, கோவையில் கல்லூரியில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போக இருந்தாள். அந்த விடுமுறை முழுவதும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடினாள். நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்துவிட்டது. கையில் ஒரு மரத் தெப்பம்தான் மிச்சம். கடலுக்குள் குதித்துக் கிடைப்பதைப் பொறுக்கி உயிர் பிழைக்க வேண்டும். கடைசியில், அடியில் கிடக்கும் கப்பலிலிருந்து ஒரு ரேடியோவை மேலே கொண்டுவந்து உதவிக்குக் கூப்பிட்டால் ஜெயித்த மாதிரி.

அவள் எடுத்துக்கொண்டது அதில் மிகக் கடினமான வகை. விளையாடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரே உயிர். ஒருத்தராவது பிழைத்திருந்தால் விளையாட்டு தொடரும். எல்லோரும் செத்தால் அதுவரை கட்டியது முழுவதும் அழிந்துவிடும். அவள் கட்டியது கொஞ்சமல்ல. தெப்பத்துக்குக் கூரை, மழைத்தண்ணீர் பிடிக்கத் தொட்டி, தக்காளிச் செடி, வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம்கூட உண்டு.

கப்பலின் இரும்புக் கதவை ஒருவர் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும். கூட விளையாடிய தோழி அவளுக்கு முன்பே கல்லூரிக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை இவளும் கிளம்பவேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியையே வெறித்துக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா... நீ வெளையாடறியா?”

பல மாதங்களாக அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி ‘சார்ஜர் எங்கே’ என்பதுதான். நான் மாவரைத்த கையைக்கூடக் கழுவாமல் வந்து உட்கார்ந்தேன்.

திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதியில் அவள், கீழ்ப் பாதியில் நான். நிஜத்தில் எனக்கு நீச்சல் தெரியாது. (எங்கள் ஊர்த் தண்ணீரில் முகம் கழுவுவதே சாதனை.) திரைக்குள் நான் மீன் மாதிரி போனேன். போன இடத்தில் கிடந்ததையெல்லாம் பைக்குள் போட்டேன். மருந்துப் பெட்டி, விளக்கு, விளக்குக்கு மாற்று விளக்கு, கயிறு. தெப்பத்தில் மீன் சுட முடிந்தது. சுட்ட மீனையும் அடுக்கினேன்.

திரையின் ஓரத்தில் பச்சையாக இருந்த ஒரு கோடு மஞ்சளானது.

“அம்மா, வெயிட் ஏறுது பாரு. கொஞ்சம் கீழ போடு.”

“தண்ணிக்குள்ள எடை கொறையும் கண்ணு. நெறகுடத்தைக் கெணத்துக்குள்ள இழுக்கறப்ப லேசா இருக்கும். வெளிய வந்தாத்தான் கனக்கும். எட்டாங்கிளாஸ் பாடம்.”

“கொறையும்மா. ஆனா இவ்வளவு பெரிய மூட்டையத் தள்ளிட்டுப் போனா தண்ணி எதுத்துத் தள்ளுமல்ல? மெதுவாப் போவ. மெதுவாப் போனா வழியிலயே மூச்சு தீந்துரும். அதுவுமில்லாம இந்த கேம் செஞ்சவங்க உன்ற கிளாஸ்ல படிக்கலை.”

“எதுக்கு இப்படி ஒரு சட்டம் வெச்சிருக்காங்க?”

“இல்லைன்னா எல்லாரும் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. அப்பறம் பயமே இருக்காது.”

பயமே இல்லாமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். அவளிடம் தலையாட்டிவிட்டு, அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் இன்னும் கொஞ்சம் மீன் சுட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. தகரக் கூரையின் இரைச்சலில் டிவியின் சத்தமே கேட்கவில்லை. ஹாலின் மூலையில் அவள் ஹாஸ்டலுக்காக நான் அடுக்கிய பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை, ஸ்வெட்டர்கள், சுடுதண்ணீர்ப் பை, எலெக்ட்ரிக் கெட்டில். கோயம்புத்தூர் வெயிலுக்கு ரஜாய் எதற்கு என்று இரண்டு பேரும் கேட்டுக் களைத்திருந்தார்கள்.

இருவரும் கடலுக்குள் குதித்தோம். இறங்கும்போது கனம் சௌகரியமாகத்தான் இருந்தது. கல் மாதிரி இறங்கினேன். “பாத்தியா?” என்றுகூடச் சொன்னேன். அவள் கப்பல் கதவைப் பிடித்துக்கொள்ள, நான் இருட்டுக்குள் நுழைந்து, ரேடியோ பெட்டியைக் கண்டுபிடித்து எடுத்தேன்.

கோடு சிவப்பானது.

வெளியே வந்து மேல்நோக்கி நீந்தினேன். நீந்தினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால்தான் ஆடியது, ஆள் நகரவில்லை. மூச்சைக் காட்டும் நீல வட்டம் தேய்ந்துகொண்டே வந்தது.

“எதையாவது கீழ போடும்மா!”

“எதை?”

“எதையோ! மீனைப் போடு!”

பையைத் திறந்தேன். மருந்தைப் போடலாமா? அடிபட்டால்? விளக்கு? இருட்டினால்? கயிறு? (கயிற்றைப் பற்றித்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.) பையைத் திறந்து வைத்திருந்தாலும் மூச்சு நிற்காமல் குறையும் என்பதை நான் கவனிக்கவில்லை. திரை ஓரங்களில் கறுக்க ஆரம்பித்தது. ‘குளுக்’ என்று முதல் சத்தம் கேட்டது.

பாதி தூரம் மேலே போயிருந்தவள் என்னிடம் திரும்பி வந்தாள். “ரேடியோவை மட்டும் எனக்குக் குடு. நீ செத்தாலும் பரவால்ல, நான் மேல போயி தெப்பத்தைக் காப்பாத்திக்கறேன். சீக்கிரம்!”

அறிவுள்ள யோசனை. ரேடியோவைக் கொடுத்தேன். அவளுடைய கோடு மஞ்சளானது. மேலே போகிற அளவுக்கு அவளுக்கு மூச்சு இருந்தது. அங்கேயே நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் எனக்குத் தோன்றிவிட்டது. நான் செத்துவிடுவேன். இவள் மட்டும் தனியாகத் தெப்பத்தில் இருப்பாள். பசித்தால் என்ன செய்வாள்?

மீனைக் கொடுத்தேன்.

அந்த விளையாட்டில் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் போதும், பொருள் எதிராளியின் பைக்குள் போய்விடும். வாங்குகிறவரின் சம்மதத்தைக் கேட்பதே இல்லை. அந்த விதியை மட்டும் ஒரு தாய்தான் எழுதியிருக்க வேண்டும்.

“அம்மா, மீன் வேண்டாம்!”

“வெச்சுக்க கண்ணு, மேல போனதும் பசிக்கும்.”

“மீன் வேண்டாம்மா! அய்யோ, செகப்பாயிருச்சு!”

அவள் ஒன்றைக் கீழே போட, நான் இன்னொன்றைக் கொடுத்தேன். மருந்து கொடுத்தேன். விளக்கும் கொடுத்தேன். கயிற்றையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்து முடித்தபோது என் கோடு இளம்பச்சையில் அழகாக இருந்தது. ஆனால் என் மூச்சு தீர்ந்திருந்தது. அவள் அசையமுடியாமல் என் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் என் பாதித் திரை கறுத்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடையதும் கறுத்தது. ‘குளுக் குளுக்’ என்ற சத்தம், அப்புறம் அமைதி. கடைசியாகத் தெரிந்த காட்சியில் இரண்டு உடல்களும் அடியை நோக்கி இறங்க, எங்களைச் சுற்றிச் சுட்ட மீன்கள் மிதந்தன. பிறகு முதல் பக்கம் வந்தது. அவள் தெப்பம் இருந்த இடம் காலியாக இருந்தது.

பெனி கன்ட்ரோலரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சமையலறையிலிருந்து டீ டம்ளரோடு ஜேம்ஸ் எட்டிப் பார்த்தார். “என்ன சத்தம்? மீன் வேண்டாம்னு சொன்னது யாரு? இன்னிக்கு நம்மூட்டுல கத்திரிக்கா கொழம்புதானே?”

நான் திரையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் டம்ளரை மேசையில் வைத்தார்.

“நம்ம அம்மணி அத்தனை நாளாக் கட்டுனது பூராவுமா?”

“பூராவும்.”

“நீ செத்தது செரி. புள்ளையாவது மேல வர உட்டிருக்கலாமல்ல?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். விளையாட்டுதான், தெரியும். ஆனாலும் கன்ட்ரோலரை அதற்குமேல் கையில் வைத்திருக்க முடியாமல் கீழே வைத்தேன்.

கண்ணெதிரே அந்தப் பெட்டிகள். எழுந்துபோய் ரஜாயை வெளியே எடுத்தேன். ஸ்வெட்டர்களை எடுத்தேன். சுடுதண்ணீர்ப் பையை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தால் அறை வாசலில் பெனி நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நல்லா அடியில பாரும்மா,” என்றாள். “மீன் ஏதாச்சும் கெடக்கப் போகுது.”

அதற்கப்புறம்தான் இருவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அழுதபடியே சிரித்தேன்.

திங்கட்கிழமை ஒரே ஒரு பெட்டியோடு போனாள். மலைப்பாதையில் பாதி இறங்கி, பர்லியாரில் பஸ் நிற்கும்போதே வியர்த்துவிட்டது என்று போனில் சொன்னாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே வழக்கமாகிவிட்டது. நான் சாப்பாட்டுத் தட்டில் இன்னொரு தோசை போட்டால், ‘மீன் வேண்டாம்மா.’ போனில் அறிவுரை நீண்டால், ‘மீன் வேண்டாம்மா.’ நான் சந்தைக்குப் பையெடுத்தால் ஜேம்ஸ்கூட வாசலில் நின்று அதையே சொல்கிறார்.

போன விடுமுறை முடிந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவளை வழியனுப்பினோம். படியில் ஏறியவள் தோள்பையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். ஜிப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு பொட்டலம் வர்க்கி, எங்கள் ஊரின் மொறுமொறு பிஸ்கட்.

“அதுக்கு எடையே இல்லை கண்ணு,” என்றேன் அவசரமாக. “வெறும் காத்துதான்.”

“மீன் வேண்டாம்மா!” என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “ஏனுங்க, மீனெல்லாம் பஸ்ஸுல ஏத்தக் கூடாதுங்க. ஆளுக மூச்சு உட முடியாது.”

ஜேம்ஸ் சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் கண்டக்டரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோதே பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாகப் பெனி கையாட்டினாள். வாயில் வர்க்கி இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.