தலையில்லாத கட்டடமும் பதினாறு அம்புகளும்

திருப்பூரில் பிழையில்லாமல் உருவானது எதுவுமே கிடையாது என்பதை ஒரு மனிதர் தன் சட்டைப் பையில் கிடந்த ஸ்டிக்கர் சுருளை வைத்தே நிரூபித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கும், நாங்கள் இருவரும் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கும் அவர் அம்புக்குறி அண்ணன்தான்.

கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பனியனை மேசையில் விரிப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், தையல் விட்ட இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவார். அதை வாங்கிய டெய்லர் அந்த இடத்தைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். ஏற்றுமதிப் பிரிவில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை. சங்கடம் என்னவென்றால், சங்கு ஊதி வேலை முடிந்த பிறகும் சுருள் அவர் பையிலேயே இருந்தது.

மெஸ்ஸில் தோசை ஓரம் கருகியிருந்தால் அம்பு. டவுன் பஸ் கண்டக்டருக்குப் பொத்தான் தொங்கினால் அம்பு. ஒருமுறை சலூனில் அவருடைய இடது கிருதா அரை விரல்கடை இறங்கிவிட்டது. அண்ணன் எழுந்து, எதிரே கண்ணாடியில் தெரிந்த தன் கிருதாவின்மேல் அம்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் இடது காதோரம் ஏதோ குறை இருப்பதாகத் தெரிந்தது. சலூன்காரர் சுரண்டி எடுக்கும்வரை ஊரில் பாதிப் பேர் இடது கிருதாவை ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள்.

எங்கள் முதலாளி வெளிநாட்டு வியாபாரியைப் பார்க்க பம்பாய் போனபோது அவர் காலரிலும் ஓர் அம்பு போயிற்று. செய்தி தெரிந்து நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"ஏனுங்ணா, மொதலாளி கழுத்துல போய் ஒட்டலாமுங்களா?"

"கழுத்துல ஒட்டலீங்க தம்பி. காலர்ல ஒட்டுனேன். தையல் பிரிஞ்சிருந்துச்சு."

"அவரு பம்பாய்ல நிப்பாரேங்க."

"பிரிஞ்ச தையலும் அங்கதான நிக்கும்."

முதலாளிக்கே அம்பு ஒட்டுகிற கம்பெனியா என்று அந்த வெள்ளைக்காரர் அசந்துபோய் இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனைக் கேட்க ஆள் இல்லை.

தவறு, ஓர் ஆள் இருந்தார். கல்யாணமான புதிதில் அண்ணன் வாசல் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போயிருந்ததற்கு அம்பு ஒட்டினார். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் நெற்றி நடுவே ஓர் அம்பு. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், ஒட்டிவிட்டது. அத்துடன் ஒரு சட்டம் பிறந்தது: வீட்டு ஆட்களுக்கும் வீட்டு ஆட்கள் செய்ததற்கும் அம்பு கிடையாது.

இன்னொன்றையும் அவர் அடிக்கடி சொல்லுவார். "அம்பு ஒட்டறது ரிஜெக்ட்டுக்கு இல்லீங்க. ரிஜெக்ட்டுன்னா சும்மா மூலைல வீசிப்போடுவோம். இது தேறும்னு தெரிஞ்சாத்தான் அம்பு."

இனி கட்டடத்துக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் காதர்பேட்டைப் பக்கம் ஒரு பழைய குடோனை இடித்துவிட்டு நான்கு மாடி காம்ப்ளெக்ஸ் எழும்பியது. உள்ளே கடைகள், வெளியே விளம்பரங்கள். வேலை நடந்த இரண்டு வருடமும் வாசலில் ஒரு படம் நின்றது. அதில் கட்டடத்துக்கு வளைவு வளைவாக ஜன்னல்கள், முன்னால் நீரூற்று, நம் ஊரில் யாரும் பார்த்திராத நீளத்தில் ஒரு கார், பலூன் பிடித்த குழந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வருவோம். கட்டடத்தின் முகத்தைக் கழிவுத் துணியால் தைத்த பெரிய திரை மூடியிருந்தது. ரோஸ், பச்சை, ஊதா என்று அந்தத் திரையே அழகாகத்தான் இருந்தது. கோயமுத்தூர்க்காரர்கள் இனி நம் ஊருக்கு பஸ் ஏறி வருவார்கள் என்று டீக்கடையில் முடிவாகியிருந்தது.

திறப்பு விழா ஒரு புதன்கிழமை. என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது. நாயனம் வாசிக்க, திரையை அவிழ்த்தார்கள். நாயனம் தானாக நின்றது.

ஜன்னலே இல்லை. தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரே சுவர். சுவர் முழுக்க இரும்புச் சட்டம். சட்டத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பனியன் போட்ட ஆள். இடுப்பில் கை வைத்து நின்ற அவருக்குக் கழுத்தோடு படம் முடிந்துவிட்டது.

"தலை எங்கீங்க?" என்றார் என் பக்கத்தில் நின்ற பெரியவர்.

"சதுர அடிக்கு வாடகையாமுங்க" என்றார் விவரம் தெரிந்த ஒருவர். "பனியன் கழுத்தோட முடிஞ்சு போகுது. தலைக்கு எதுக்கு வாடகைன்னு விளம்பரக்காரர் கேட்டுப்போட்டாராம்."

நீரூற்று இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் ஸ்டாண்ட். காரையும் பலூனையும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. எதிரே இருந்த கல்யாண மண்டபத்துக்காரர் மட்டும், இனி பெண் வீட்டார் எல்லோரும் தலையில்லாத ஆளைப் பார்த்துக்கொண்டா பந்திக்குப் போவது என்று கண் கலங்கினார்.

கட்டடத்துக்காரர் பெரிய மனிதர். அவர் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை. பதிலாக எல்லோருக்கும் ஒரே நினைப்பு வந்தது: அம்புக்குறி வரட்டும்.

வந்தார். கூட்டம் வழிவிட்டது. கீழிருந்து மேல்வரை பார்த்தார். பைக்குள் கை போயிற்று. சுருள் வெளியே வந்தது. அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுருளைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்துபோய்விட்டார்.

கட்டடம் ஏமாற்றியதை ஊர் பொறுத்துக்கொண்டது. இதைப் பொறுக்கவில்லை. "அண்ணனுக்குக் கண்ணாடி மாத்தோணும்" என்றார் டீக்கடைக்காரர். கட்டடத்தில் அவருக்கு ஒரு கடை இலவசம் என்று கிளம்பிய பேச்சு, மாலைக்குள் இரண்டு கடையாகிவிட்டது. கம்பெனியில் நிலைமை இன்னும் மோசம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் ஒருவர், அம்பு ஒட்டிய பனியனைத் தூக்கிக்கொண்டு செக்கிங் மேசைக்கே வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, அந்தக் கட்டடமே பாஸ் ஆயிட்டு. எங் கை மடிப்பு மட்டும் எப்படி ஃபெயில் ஆவுது?"

அண்ணன் தானே அந்த அம்பை உரித்து எடுத்தார். பதினெட்டு வருட வேலையில் அவர் ஒட்டிய அம்பை அவரே எடுத்து அன்றுதான் பார்த்தேன். வார முடிவுக்குள் ஒவ்வோர் அம்புக்கும் ஒரு வழக்கு நடந்தது. இப்படியே போனால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுப்பதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்ல என்று எழுத ஆசைதான். உண்மையில், திறப்பு விழா நடந்தது வியாழன் என்று அவர் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டு, டைரியோடு போயிருந்தேன். உள்ளே அவர் மகள் கலா குரல் உயர்த்திக்கொண்டிருந்தாள். டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்துவிட்டுக் கோயமுத்தூரில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் வரைபடம் போடுகிறவள். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கட்டடத்தை வரைந்தவள் அவள். அவளுடைய முதல் கட்டடம்.

"நான் வரைஞ்சதுல பதினாறு ஜன்னல் இருந்துச்சுங்கப்பா. விளம்பரத்துக்கு எடம் பத்தலைன்னு கட்டடத்துக்காரர் மூடச் சொன்னாரு. நானும் ரப்பரை எடுத்து அழிச்சேன். அது தப்புதானுங்களே?"

"ஊட்டு ஆளுங்களுக்கு அம்பு இல்ல கண்ணு. அதுதான் சட்டம்."

"யாரோ தைச்ச பனியனை எல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறீங்க. என்னோடதைப் பாத்துப்போட்டு அப்படியே வந்துட்டீங்க. அப்ப நான் மூலைல வீசற பீஸுங்களாப்பா?"

சமையலறையிலிருந்து அக்கா வந்தார். சட்டம் போட்டவர் அவர்தான். "ஏனுங்க, கோலத்துக்குத்தானுங்க நான் சொன்னேன்" என்றார். "கட்டடத்துக்குச் சொல்லலீங்க."

அண்ணன் சுருளை எடுத்தார். அப்போதுதான் நடைமுறைச் சிக்கல் தெரிந்தது. நகத்தளவு அம்பை நான்கு மாடிச் சுவரில் ஒட்டினால் அதைத் தேடவே இன்னோர் அம்பு வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஊரே பார்த்தது. கம்பெனியில் ஒதுக்கிக் கிடந்த சிவப்புத் துணியில், ஆள் உயரத்துக்குப் பதினாறு அம்புகள். வெட்டித் தைத்துக் கொடுத்ததே அந்தத் தூத்துக்குடி டெய்லர்தான். விளம்பரம் வரைந்தவர்கள் விட்டுப்போன சாரத்தில் ஏறி நின்றதும் அவரே. கீழே கலா ஜன்னல்களை அழிப்பதற்கு முன் எடுத்துவைத்த வரைபட நகலை விரித்துப் பிடித்திருந்தாள். "இடது பக்கமுங்க. இன்னொரு சாண் மேல" என்று அண்ணன் கத்த, ஜன்னல் இருந்திருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஓர் அம்பு ஏறியது.

"அண்ணாச்சி, தலைக்கு ஒண்ணு?" என்றார் மேலிருந்தவர்.

"தலை எம்பொண்ணு வரைஞ்சது இல்லீங்க. அது அவங்க பாடு."

கட்டடத்துக்காரர் கார் வந்து நின்றது.

"ஏனுங்க, என்ற கட்டடத்தை ரிஜெக்ட் பண்றீங்களா?"

"ரிஜெக்ட்டுன்னா வந்தே இருக்க மாட்டனுங்க. தேறுமுங்க. அதான் அம்பு."

கலா முன்னால் வந்தாள். "நாந்தானுங்க வரைஞ்சேன். நீங்க சொன்னீங்கன்னு ஜன்னலை அழிச்சதும் நாந்தானுங்க. முடியாதுன்னு சொல்லியிருக்கோணும்."

அவர் வாயைத் திறப்பதற்குள், இரண்டாவது மாடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வியர்வை சொட்டச் சொட்டப் படியிறங்கி வந்தார். "மொதலாளி, மேல துணி விக்கறனா, இட்லி அவிக்கறனான்னு எனக்கே தெரியலீங்க. அந்தப் புள்ள சொல்றாப்புல ஒரு நாலு ஜன்னலாச்சும் வுடுங்க."

கட்டடத்துக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். திறப்பு விழாவுக்கே அத்தனை பேர் வரவில்லை. எல்லோரும் அவர் கட்டடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "படத்தைக் குடு பாப்பா" என்று கலாவிடமிருந்து வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

ஒரு மாதத்தில் நான்கு ஜன்னல் திறந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் எண்ணியபோது பதினொன்று. பனியன்காரருக்கும் ஒரு தலை வந்து சேர்ந்தது. உடம்புக்குச் சற்றுச் சிறிய தலை.

அம்பு ஏறியதற்கு மறுநாள், திங்கட்கிழமை, தூத்துக்குடி டெய்லரின் பனியனில் மூன்று அம்புகள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணுதானா அண்ணாச்சி?" என்று வாங்கிக்கொண்டு போனார்.

நானும் அந்த வாரமே என் டைரியை அண்ணனிடம் கொடுத்தேன். பத்து நாள் கழித்து முப்பத்திரண்டு அம்புகளோடு திரும்பி வந்தது. முதல் அம்பு, திறப்பு விழாவின் புதன்கிழமைமேல். பழைய செய்தித்தாள்களைப் புரட்டிச் சரிபார்த்தேன். வியாழன்தான்.

அண்ணன் இப்போது இல்லை. பசை காய்ந்துவிட்டதால் டைரியைத் திறக்கும்போதெல்லாம் ஓர் அம்பாவது மடியில் உதிர்கிறது. கோந்து தடவி, இருந்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவைக்கிறேன். புதன்கிழமையை மட்டும் இன்னும் திருத்தவில்லை. திருத்திவிட்டால் அந்த அம்புக்கு அங்கே வேலை இருக்காது.