ரிஜெக்ட் அண்ணனின் பச்சை ஸ்டிக்கர்

பெங்களூரில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளில் பாதி, ரிஜெக்ட் அண்ணனை வெளியே அனுப்பியவை. மீதிப் பாதியிலிருந்து அவரே வெளியே வந்துவிட்டார். இரண்டு வகையிலும் நானும் என் மனைவி எஸ்தரும் அவரோடு சேர்ந்து வெளியே வந்தோம் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பீன்யாவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவர்தான் தரம் பார்ப்பவர். உருப்படியின் அளவு மயிரிழை பிசகினாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிடுவார். சந்தேகம் என்றால் மஞ்சள். சரியாக இருந்தால் பச்சை என்று சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை யாரும் கேட்டதில்லை.

ஆம்பூரிலிருந்து குடிவந்த புதிதில், பக்கத்தில் நல்ல சபை ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். எங்கள் மகள் ஜெனிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போய் நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு.

"செக் பண்ணாம நல்ல சபைன்னு எப்டிப்பா சொல்றது? ஞாயித்துக்கெழம ரெடியா இரு" என்றார்.

அவர் செக் பண்ணுவதற்கு ஒரு கணக்கு இருந்தது. பிரசங்கியார் ஒரு வசனம் சொன்னால், அதற்கு முன்னால் இரண்டு வசனமும் பின்னால் இரண்டு வசனமும் படிப்பார். "ப்ளஸ் ஆர் மைனஸ் ரெண்டு. அதுக்குள்ள அவர் சொல்ற அர்த்தம் நிக்கணும். நிக்கலையா, ரிஜெக்ட்" என்பார். அதை மனதோடு வைத்துக்கொண்டால் நமக்கென்ன? ஆராதனை நடுவில் எழுந்து நிற்பார்.

முதல் சபையில் பாஸ்டர், எந்தப் பரீட்சையையும் எழுத நமக்குப் பெலன் உண்டு என்று அப்போஸ்தலர் பவுலின் வசனத்தைக் காட்டிப் பிள்ளைகளைத் தேற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்தார். "ஒரு வசனம் மேல போங்க பாஸ்டர். பசியா கெடக்கவும் கத்துக்கிட்டேன்றாரு பவுலு. பரீட்சைய பத்தி ஒண்ணுமில்ல." பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. நாங்கள் வெளியே வந்தோம்.

இரண்டாவது சபையில் கூடாரத்தை அகலமாக்கு என்ற ஏசாயா வசனத்தைச் சொல்லி, இந்த வருஷம் எல்லாருக்கும் வீட்டுமனை உண்டு என்றார்கள். சுற்றிலும் ஆமென் சத்தம். எஸ்தர்கூடக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அண்ணன் அதையும் கெடுத்தார். "எல்லாத்தையும் பறிகுடுத்த ஜனத்துக்குச் சொன்ன ஆறுதல்ங்க அது. நெலமங்களாவுல சைட்டு வாங்கச் சொல்லல." அங்கே காபியும் பன்னும் தருவார்கள். அதை வாங்கும் வரைகூட அந்த மனிதர் எங்களை உட்கார விடவில்லை.

இப்படியே ஏழெட்டு ஞாயிறு போயிற்று. "உங்கண்ணனுக்கு இயேசுவே பிரசங்கம் பண்ணாலும் பிடிக்காது" என்று எஸ்தர் என் மேல் பாய்ந்தாள். எனக்கும் பொறுக்கவில்லை. டயர்க் கடைக்கு மேலே மாடியில் ஒரு சபை இருந்தது. அங்கே டிரம்ஸ் அடித்தால் தரை அதிரும், ஜெனி செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரிப்பாள். "இங்க மட்டும் வாயத் தொறக்காதண்ணா" என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் அந்தப் பாஸ்டர் எங்கள் மூவரையும் முன்னால் அழைத்தார். பிறவிக் குருடனைப் பார்த்து இயேசுவிடம் சீஷர்கள் கேட்டதைப் படித்தார்: பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா? அதோடு வேதத்தை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மறைச்சு வெச்ச பாவத்தை அறிக்கை பண்ணுங்க. விசுவாசம் இருந்தா அந்த மிஷினைக் கழட்டுங்க. பிள்ளை கேட்கும்."

எஸ்தர் அழுதாள். இருநூறு பேர் எங்களையே பார்த்தார்கள். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது, என் கை ஜெனியின் காதுக்குப் போனது. அவள் தடுக்கவில்லை. அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுகப் பிடித்தது. பின்வரிசையிலிருந்து அவர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"அடுத்த வசனம் படிங்க" என்றார் அண்ணன்.

"உட்காருங்க பிரதர்."

"கேள்வி கேட்டது சீஷங்க. அடுத்த வசனத்துல கர்த்தர் பதில் சொல்றாரு. இவனும் இல்ல, பெத்தவங்களும் இல்லன்றாரு. கேள்வியப் படிச்சுட்டு பதிலுக்கு முன்னாடி புஸ்தகத்தை மூடறியே, நீ இன்னா மனுஷன்யா?"

நான்கு பேர் அவரைத் தூக்காத குறையாக இழுத்துப்போனார்கள். போகிற போக்கில் மைக் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுத்தான் போனார். நாங்கள் பின்னாலேயே இறங்கினோம். அந்த ஒருமுறை மட்டும் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை.

டயர்க் கடை வாசலில் அவருக்கு மூச்சு வாங்கியது, சட்டைப் பொத்தான் இரண்டு போயிருந்தது. ஜெனி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவளையும் ஒரு தடவ செக் பண்ணிச் சொல்லுங்கண்ணா. எங்க தப்பா?" என்றாள்.

அவர் எல்லாப் பைகளையும் துழாவினார். பர்ஸுக்குள்ளிருந்து, ஓரமெல்லாம் மடங்கிப்போன ஒரே ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஜெனியின் கவுனில் ஒட்டினார்.

"இந்த மேக்கரோட உருப்படிய நான் செக் பண்றதில்லம்மா. நேரா பாஸ்."

இப்போது நாங்கள் போகும் சபையில் ஆயர் வயதானவர், பிரசங்கம் கேட்டால் தூக்கம் வரும். ஜெனிக்கு ஏன் இப்படி என்று எஸ்தர் கேட்டபோது, "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்பீக்கருக்குப் பக்கத்து பெஞ்சை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ரிஜெக்ட் அண்ணன் இந்தச் சபைக்கு மஞ்சள்தான் ஒட்டியிருக்கிறார். ஆறு வருஷமாகச் சந்தேகத்தோடு கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார். போன வாரம்கூட எழுந்து நின்று எங்கள் மானத்தை வாங்கினார். வீட்டுக்கு வந்து அவரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். பீரோ கதவைத் திறந்தால், உட்புறம் அந்தப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அந்த மனுஷனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.