நீ யார் என்று கேட்ட சர்வர்

"நீ யார்?" என்று சர்வர் கேட்டது.

மாமல்லபுரத்தில் கடல் தெரியும் மாடி அறையில் உட்கார்ந்திருந்த பிரிசில்லாவுக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்விதானே என்று தோன்றியது. சின்னையன் டிராவல்ஸுக்காக அவள் எழுதிய புரோகிராம், வேடந்தாங்கல் விடுதி ஒன்றின் சர்வரிடம் போய், எந்த அறை காலி என்று கேட்க வேண்டும். கேட்கும் ஒவ்வொரு தடவையும் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கூடவே கொண்டுபோக வேண்டும். அலைகளைப் பார்த்துக்கொண்டே எழுதியதில் அந்த இரண்டையும் சேர்க்க மறந்துபோயிருந்தாள். சிலருக்குக் கடல் தெரியும் அறையைக் கொடுக்கவே கூடாது.

சேர்த்து அனுப்பினாள். பதிலே இல்லை.

முதலாளி சின்னையன் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"இன்னாம்மா, ஓடுதா?"

"இதோ, ஓடிடும்ணா."

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்லிகினு கீற. சாயங்காலம் கஸ்டமருக்குக் காட்டணும். ஓடலைன்னா வேலைய மெட்ராஸ் பார்ட்டிகிட்ட குடுத்துடுவேன், ஆமா."

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. இந்த வேலை போனால் பிரிசில்லாவும் மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் முகத்தில் இடிக்கும், முன்பு அங்கே தங்கியிருந்த ஹாஸ்டலை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. இந்தக் கடலை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

வெறும் பாஸ்வேர்டை நம்ப மறுக்கிறது போலிருக்கிறது என்று, அனுப்பும் நேரத்தையும் ஒட்டி அனுப்பினாள். ரொம்ப நேரம் கழித்து, 'அனுமதி இல்லை' என்று வந்தது.

வாயைத் திறந்ததே பெரிசு என்று தெம்பாகிப்போய், ஒரு டிஜிட்டல் கையெழுத்தையும் சேர்த்தாள். மனுஷருக்குப் புரியாத எழுத்துகளாக, முழ நீளத்துக்கு இருந்தது அது. சர்வர் முன்னைவிட நேரம் எடுத்துக்கொண்டு, அதே பதிலைச் சொன்னது.

காற்றில் உப்பு வாசம். கண் சொக்கியது. அவள் அனுப்பிய கேள்விகள் எல்லாம் நீளக் கால் பறவைகளாகித் திருக்கழுக்குன்றத்து மலையைத் தாண்டிப் பறந்தன. வேடந்தாங்கல் ஏரி அவற்றை இறங்க விடவில்லை. மேலேயே வட்டமடித்தன. ஒவ்வொரு பறவைக்கும் பிரிசில்லாவின் முகம் இருந்தது, கண்ணாடி உள்பட.

"தூங்கிகினா கீற?" சின்னையன் போட்ட சத்தத்தில் பறவைகள் கலைந்தன. "கஸ்டமர் வந்துட்டாங்க! கீழ டீ குடிச்சிகினு கீறாங்க!"

பதறிப்போனவள் செய்யக்கூடாததைச் செய்தாள். அனுமதி கிடைக்கும்வரை விநாடிக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இரு, ஒவ்வொரு தடவையும் புதுக் கையெழுத்துப் போடு என்று புரோகிராமுக்குக் கட்டளை கொடுத்தாள். 'அனுமதி இல்லை' என்று இரண்டு தடவை வந்தது. மூன்றாவதில் பாதிதான் வந்தது. அப்புறம் சர்வர் ஒரேயடியாகப் படுத்துவிட்டது.

"போச்சா?" என்றார் சின்னையன்.

"போச்சுண்ணா."

அவர் மெட்ராஸ் பார்ட்டியின் நம்பரைத் தேட செல்போனை எடுத்தார். அவள் கடலைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதற்குள் அந்த போனே அடித்தது. எடுத்துக் கேட்டவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"விடுதி ரிசப்ஷன்லேர்ந்து பூங்கொடின்னு ஒரு பொண்ணு. உன்கிட்டதான் பேசணுமாம்." ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேடம், கொஞ்சம் நிறுத்துங்க, கை வலிக்குது! தானா செக் பண்ற சாஃப்ட்வேர் இன்னும் ரெடியாவல, காலையிலேர்ந்து நான்தான் ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்து பட்டன் அமுக்கிகினு கீறேன். கூட எதுனா ஒட்டிகினு வந்தா 'அனுமதி இல்லை'ன்னுதான் அமுக்கணும். பேரும் பாஸ்வேர்டும் மட்டும் அனுப்பினீங்களே, அதுவே கரெக்டு, அப்போ நான் நாஸ்தா துன்னப் போயிருந்தேன்!"