இஸ்திரி போட்ட பலகை

வெப்பத்தையே பிடித்து அளந்து பார்க்கும் வித்தகியான என் அக்கா மகளுக்கு, இஸ்திரி உலகின் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய நான் மடிப்புக் கலையாத ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு நீயும், உன் அம்மாவும், என்னோடு கோபித்துக்கொண்டு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உன் அத்தையும் நலமா?

உன் ஆய்வுக்கூடத்து அறிக்கை கிடைத்தது. ஏற்க மாட்டேன். மாடி அறை கொதிக்கிறது என்று அத்தை புலம்பியதால்தானே, பழைய மெத்தைப் பஞ்சையும் பசையையும் கலந்து பலகை செய்து கூரைக்கு அடியில் அறைந்தேன்? "முன்னாடி அறை அடுப்பா இருந்துச்சு, இப்ப மூடியும் போட்டாச்சு! உங்க மருமக மெஷின்ல வெச்சுப் பாத்து நல்ல பலகைன்னு சொல்லட்டும், அப்புறம் வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். நானும் ஒரு பலகையைப் பட்டுத்துணியில் சுற்றி உன்னிடம் கொண்டுவந்தேன். நீ என்ன செய்தாய்? சூடான தட்டு ஒன்று, குளிர்ந்த தட்டு ஒன்று, நடுவில் என் பலகை. எவ்வளவு சூடு கடந்து போகிறது என்று மெஷின் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினாய்.

"மாமா, இதை அழுத்தினீங்களா?"

"பின்னே? கடையில இருக்கிற பெரிய இஸ்திரி மெஷின்ல வெச்சு, யானை ஏறி நின்னாலும் பள்ளம் விழாத மாதிரி அழுத்தினேன். கசங்கலோட ஒரு சாமானை வெளிய அனுப்பி எனக்குப் பழக்கமில்ல."

"சூட்டைத் தடுக்கிறதே பஞ்சுக்குள்ள அடைஞ்சு கிடக்கிற காத்துதான் மாமா. அதைப் பூரா பிழிஞ்சு எடுத்துட்டீங்களே!"

"காத்தை அடைச்சு விக்க நான் என்ன பலூன்காரனா?" என்று நான் கேட்டதற்கு உன் கூடமே சிரித்தது, சிரிக்கட்டும். சூட்டைப் பற்றி எனக்கா பாடம்? சூரியனே என் கடை வாசலில் நின்று, "அண்ணே, இன்னிக்கு இவ்வளவு சூடு போதுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உதிக்கிறது. நேற்று அந்த அறையில்தான் படுத்தேன். வியர்வையில் கட்டில் மிதந்து கதவு வரைக்கும் போனது உண்மைதான். அது கட்டிலின் குற்றம். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் வரிசையில் நின்று காலில் விழுந்தாலும் ஒரு பலகையைக்கூட இறக்க மாட்டேன். அத்தை வருவதானால் இந்தப் பலகைகளுக்கு அடியில்தான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு!

நீ பல்லாண்டு வாழ்ந்து, உன் தட்டுகளுக்கு நடுவே சிக்கும் மற்ற மாமாக்களின் பலகைகளையாவது தேறவைக்க வாழ்த்தும்,

சற்றும் வளையாத
உன் மாமா

பி.கு.: பலகைகளை இறக்கிவிட்டேன். காற்றுள்ள பலகை எது, எவ்வளவு கனம் வேண்டும் என்று எழுது; அழுத்தாமல் ஒட்டுகிறேன். அத்தையை உடனே அனுப்பு, வீடு வெறிச்சென்று இருக்கிறது. நானாக இறக்கினேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. தானாக விழுந்தது என்று சொல்.